நவம்பர் கடைசியில கியூ கார்டன்ஸ் போகலாமா? தாராளமா போங்க, ஆனா இப்படிப் போங்க

உங்க கேள்வி இதுதான்: நவம்பர் கடைசி வாரம் லண்டன் வர்றீங்க, கூட வயசான அப்பா அம்மா, ஒரு நாளை இங்க இருக்கற பெரிய தாவரவியல் தோட்டமான கியூ கார்டன்ஸுக்கு ஒதுக்கி வச்சிருந்தீங்க, ஆனா இங்க இருக்கற உங்க சொந்தக்காரர் "அந்த நேரத்துல மரமெல்லாம் மொட்டையா நிக்கும், பூவும் கிடையாது ஒண்ணும் கிடையாது, காசு தண்டம்"னு சொல்லிட்டார். போகலாமா வேண்டாமா?

போங்க. நான் லண்டன் வந்து பதினாலு வருஷம் ஆச்சு, கியூவுக்கு எல்லா மாசமும் போயிருக்கேன், மே மாசம் புளூபெல் பூத்துக் கிடக்கறதையும் பாத்திருக்கேன், ஜூலையில ரோஜாவையும் பாத்திருக்கேன், அதெல்லாம் அழகில்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் போக முடியும்னு இருக்கறவங்களுக்கு நான் நவம்பர் கடைசியைத்தான் சொல்வேன். கோடையில அந்த இடம் ஒரு பெரிய பச்சைப் பார்க், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். இலை கொட்டினதுக்கு அப்புறம்தான் அது 1759ல ஆரம்பிச்ச தோட்டம்னு தெரியும். எந்த மரத்துல எப்போ கிளை முறிஞ்சுது, எதுக்கு இரும்புப் பட்டை போட்டுக் கட்டியிருக்காங்க, எது சாயாம இருக்க முட்டுக் குடுத்து நிறுத்தியிருக்காங்க, எல்லாம் அப்படியே தெரியும், வயசான மனுஷங்க கையில நரம்பு தெரியற மாதிரி.

முதல்ல ஒரு விஷயத்தைச் சரி பண்ணிக்கணும். "இலையுதிர்காலம்"னு நாம பாடப்புத்தகத்துல படிச்சது நம்ம ஊர் பருவமே இல்ல. நம்ம ஆறு பருவத்துல கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில், இவ்வளவுதான். ஐப்பசி கார்த்திகை கூதிர், அதாவது குளிர்காத்தும் மழையும். இங்க நவம்பர் கடைசியில நிலைமை பேருக்கு ஏத்த மாதிரி கூதிரேதான், நடுங்க வைக்கற ஈரக்காத்து. படத்துல காட்டற மாதிரி ஊரே செக்கச்செவேல்னு இருக்கறது அக்டோபர் மூணாவது வாரத்துல இருந்து நவம்பர் ரெண்டாவது வாரம் வரைக்கும்தான், அதுவும் வருஷத்துக்கு வருஷம் மாறும். நீங்க வர்ற நேரத்துல அந்தக் கலர்ல முக்கால்வாசி தரையில கிடக்கும், மீதிக் கால்வாசி சில பிடிவாதக்கார மரங்கள்ல இருக்கும். இதைத் தெரிஞ்சுகிட்டுப் போனா ஏமாற்றம் இருக்காது.

கலர் எப்படி வருதுன்னு உங்க அப்பா அம்மா கண்டிப்பா கேப்பாங்க, எங்க அம்மாவும் கேட்டாங்க. நம்ம ஊர் நாட்டு வாதாம் மரத்தை வச்சு சொன்னா உடனே புரியும். தை மாசி வாக்குல வாதாம் மரத்துல பெரிய பெரிய இலை செவந்து போய் தெருவுல விழுந்து கிடக்குமே, அதே கதைதான், இங்க ஊரு முழுக்க ஒரே சமயத்துல நடக்குது. பகல் குறைய ஆரம்பிச்சு குளிர் ஏறினா மரம் இலைக்கு விட்ட பச்சையத்தை உடைச்சு அதுல இருக்கற சத்தையெல்லாம் தண்டுக்குள்ள இழுத்துக்கும். பச்சை போனதும் அடியில ஏற்கனவே இருந்த மஞ்சள் வெளிய தெரியும். சிவப்பு அப்படி இல்ல, அது புதுசா உண்டாகறது, இலையில மாட்டிக்கிட்ட சக்கரையில இருந்து. அதனாலதான் பகல்ல நல்ல வெயிலும் ராத்திரி நல்ல குளிரும் இருக்கற வருஷத்துல சிவப்பு ரொம்ப எடுப்பா இருக்கும், மேகமூட்டமா போன வருஷத்துல மஞ்சளோட நின்னுடும். கடைசியில காம்போட அடியில ஒரு தடுப்பு மாதிரி வளர்ந்து இலையைக் கழட்டி விட்டுடும். மரம் சாகல, கடையைச் சாத்திட்டு உள்ள படுத்துக்குது.

எங்க அம்மா இங்க வந்தது ஒரு நவம்பர் இருபதாம் தேதி வாக்குல. அவங்க வால்பாறையில பொறந்து வளர்ந்தவங்க, அதனால குளிர் அவங்களுக்குப் புதுசு இல்ல, மொட்டை மரம்தான் புதுசு. விக்டோரியா கேட் வழியா உள்ள நுழைஞ்சதும் நின்னுட்டாங்க.

"என்னடா இது, எல்லாம் பட்டுப் போச்சா?"

"இல்லம்மா, தூங்குது."

"இத்தனையுமா?"

அப்படியே நடந்து வடக்குப் பக்கம் பழைய கிங்க்கோ மரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அது 1762ல நட்டது. இங்கிலாந்து ராஜா மூணாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்து ரெண்டே வருஷம் ஆன காலம், அவரோட அம்மா இளவரசி ஆகஸ்டாதான் இந்தத் தோட்டத்தை ஆரம்பிச்சவங்க. அவங்க காலத்துல பக்கத்துல விட்டன்ங்கற ஊர்ல ஆர்கைல் பிரபுவோட தோட்டத்துல இருந்து பெரிய பெரிய மரங்களைப் பேத்து இங்க கொண்டு வந்து நட்டாங்க. இப்போ மிச்சம் இருக்கற அந்தத் தலைமுறை மரங்களை "ஓல்ட் லயன்ஸ்"னு, கிழட்டுச் சிங்கங்கள்னு கூப்பிடுவாங்க. நாங்க போன அன்னைக்கு முந்தின ராத்திரி உறைபனி. கிங்க்கோவுக்கு ஒரு குணம் உண்டு, மத்த மரம் மாதிரி வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா உதிர்க்காது, எல்லா இலையோட காம்பும் ஏறக்குறைய ஒண்ணாத் தயாராகி, ஒரு நல்ல குளிர் ராத்திரி விழுந்தா ஒரே நாள்ல மொத்தத்தையும் கொட்டிடும். காத்தே இல்ல, இலை மட்டும் நேரா இறங்கிட்டே இருக்கு, தரை முழுக்க மஞ்சள். அம்மா குனிஞ்சு ஒண்ணை எடுத்தாங்க. பனை ஓலை விசிறியைக் குட்டியாக்கின மாதிரி ஒரு இலை, நடு நரம்பே கிடையாது, காம்புல இருந்து கோடு கோடா விரிஞ்சு ஓரத்துல போய் முடியும், தொட்டா லேசா தோல் மாதிரி தடிப்பா இருக்கும், ஓரத்துல மட்டும் உறைபனி பட்டு கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. இந்த இலையோட முன்னோர் 20 கோடி வருஷத்துக்கு முந்தின பாறையிலயும் அச்சா பதிஞ்சு கிடக்குதுன்னு சொன்னேன். அம்மா நாலு இலை எடுத்து கைப்பைக்குள்ள வச்சுக்கிட்டாங்க.

அதே சுத்துவட்டாரத்துல மத்த கிழவர்களையும் பாத்துடுங்க. ஜப்பான் பகோடா மரம்னு ஒண்ணு 1760 வாக்குல நட்டது, மொத்தமா சாய்ஞ்சு போய் முட்டுமேல படுத்துக்கிட்டு இருக்கு, இன்னும் வருஷா வருஷம் துளிர்க்குது. ஒரு ரொபீனியா மரம், 1762, உடம்பு பிளந்துடக் கூடாதுன்னு இரும்புப் பட்டை போட்டிருக்காங்க. ஆரஞ்சரி கட்டடத்துக்குப் பக்கத்துல ஒரு ஓரியண்டல் பிளேன் மரம், அதோட கிளை கையை ஊனிக்கிற மாதிரி தாழ்ந்து நிக்கும். ஜூன் மாசம் போனா இதுல எதோட எலும்பும் தெரியாது, இலை மூடிடும். பிளேன் மரத்தோட பட்டை செதில் செதிலா உரிஞ்சு பச்சை, சாம்பல், கிரீம் கலர்ல திட்டுத் திட்டா இருக்கறது ஈரத்துல இன்னும் நல்லாத் தெரியும்.

இன்னொரு மரத்தை விட்டுடாதீங்க, என்னைக் கேட்டா மொத்தக் கியூவுலயும் முக்கியமான மரம் அதுதான், டர்னர்ஸ் ஓக். 1798ல நட்டது, இங்கிலீஷ் ஓக்குக்கும் ஹோம் ஓக்குக்கும் பிறந்த கலப்பு. ஹோம் ஓக் எப்பவும் பச்சையா இருக்கற மரம்ங்கறதால இதுவும் நவம்பர் கடைசியில பாதிப் பச்சையோட நிக்கும், சுத்தி எல்லாம் மொட்டையா இருக்கும்போது இது மட்டும் இலையோட நிக்கறதைத் தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சுடலாம், இல்லன்னா அங்க வேலை பாக்கறவங்ககிட்ட கேளுங்க, சந்தோஷமா காட்டுவாங்க.

1987 அக்டோபர் 15 ராத்திரி, விடிஞ்சா 16, தெற்கு இங்கிலாந்துல ஒரு பேய்க்காத்து அடிச்சுது. கியூவுல மட்டும் சுமார் 700 மரம் போச்சு. அந்த டர்னர்ஸ் ஓக்கை காத்து வேரோட அப்படியே மேல தூக்கி, திரும்ப அதே குழியில உக்கார வச்சிடுச்சு. அந்த மரம் அதுக்கு முன்னாடியே கொஞ்ச வருஷமா நோஞ்சானா இருந்தது, அதனால இது பிழைக்காதுன்னு முட்டு மட்டும் குடுத்துட்டு, விழுந்து கிடந்த மத்த மரங்களை அப்புறப்படுத்தப் போயிட்டாங்க. அந்த வேலையை முடிக்கவே மூணு வருஷம் ஆச்சு. திரும்பி வந்து பாத்தா, அந்த ஓக் எத்தனையோ வருஷமா இல்லாத வேகத்துல வளர்ந்து நிக்குது. அப்போ மரங்களைப் பாத்துக்கிட்ட டோனி கிர்க்கமும் அவரோட ஆளுங்களும் யோசிச்சுப் பாத்ததுல காரணம் தெரிஞ்சுது. நூறு வருஷத்துக்கு மேல லட்சக்கணக்கான பேர் அந்த மரத்தடியில நடந்து, உக்காந்து, சாப்பிட்டு, மண்ணு கல்லு மாதிரி இறுகிப் போயிருந்தது, வேருக்கு மூச்சே விட முடியல, தண்ணியும் இறங்கல. புயல் ஒரு உலுக்கு உலுக்கினதுல மண்ணு இளகி காத்து உள்ள போயிடுச்சு.

அதுக்கப்புறம் கியூவுல மரம் பாத்துக்கிற முறையே மாறிப் போச்சு. இப்போ அழுத்தமான காத்தை நிலத்துக்குள்ள குழாய் வழியா அடிச்சு மண்ணை இளக்கறாங்க, மரத்தைச் சுத்தி புல்லை எடுத்துட்டு மரத்தூளும் இலைமக்கும் வட்டமா பரப்பி வைக்கறாங்க. நவம்பர்ல புல் தரையில வட்டம் வட்டமா கருப்பா தெரியறது அதுதான். மேல நடக்காதீங்க, குழந்தைங்க இருந்தா சொல்லி வைங்க. இதை எழுதும்போதே நம்ம ஊர்ல பிளாட்பாரத்துல மரத்தோட கழுத்து வரைக்கும் சிமெண்ட் பூசி வைக்கறது ஞாபகம் வருது, 2016 டிசம்பர்ல வர்தா புயல்ல சென்னையில அத்தனை மரம் சாய்ஞ்சப்போ வேர் இருந்த நிலைமையைப் பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். மனசு கேக்கல, அதான் சொல்றேன்.

சரி, இதுக்குள்ள உங்களுக்குக் கை விறைச்சிருக்கும், நேரா பாம் ஹவுஸுக்கு, அதாவது வெப்பநாட்டுச் செடிகளை வளர்க்கற பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்குப் போங்க. வெளிய அஞ்சு டிகிரி, உள்ள கதவைத் திறந்ததும் மழை பெஞ்ச மறுநாள் கேரளா. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தா ரெண்டு நிமிஷம் ஒண்ணும் தெரியாது, கேமராவைப் பையை விட்டு உடனே எடுக்காதீங்க, அஞ்சு பத்து நிமிஷம் பைக்குள்ளயே சூடு ஏற விடுங்க, இல்லன்னா லென்ஸ் முழுக்க ஆவி. 1844ல ஆரம்பிச்சு 1848ல முடிச்ச கட்டடம் இது, டெசிமஸ் பர்ட்டன் வடிவமைச்சார், ரிச்சர்ட் டர்னர்ங்கற அயர்லாந்து இரும்புப் பட்டறைக்காரர் கட்டினார், கப்பல் கட்டற தொழில்ல இருந்து எடுத்த இரும்பு வளைவுகளை வச்சு. மேல பாத்தா கப்பலைக் கவுத்துப் போட்ட மாதிரியே இருக்கும், சுமார் 16,000 கண்ணாடி. அந்தக் காலத்துல அடியில கொதிகலன் வச்சு சூடு பண்ணாங்க, புகை கண்ணாடியைக் கெடுத்துடக் கூடாதுன்னு சுரங்கம் மாதிரி ஒரு பாதையில கொண்டு போய் தள்ளி இருக்கற ஒரு செங்கல் கோபுரம் வழியா வெளிய விட்டாங்க. அந்தக் கோபுரம் விக்டோரியா கேட் பக்கத்துல இன்னும் நிக்குது, நிறைய பேர் சர்ச் கோபுரம்னு நினைச்சுட்டுத் தாண்டிப் போயிடறாங்க. பாம் ஹவுஸ்ல பெரிய புதுப்பிப்பு வேலைக்குத் திட்டம் போட்டிருக்காங்க, அதனால கிளம்பறதுக்கு முன்னாடி அவங்க இணையதளத்துல திறந்திருக்கான்னு பாத்துக்கோங்க. வாட்டர்லில்லி ஹவுஸ் குளிர்காலத்துல எப்படியும் மூடிடுவாங்க.

உள்ள ஒரு தொட்டியில ஒரு பழைய சைக்கட் இருக்கு, பனையும் இல்லாம பெரணியும் இல்லாம ஒரு மாதிரி, தண்டு சாய்ஞ்சு நாலு மீட்டருக்கு மேல நீளம், முட்டுக் குடுத்து வச்சிருக்காங்க. பிரான்சிஸ் மாசன் தென்னாப்பிரிக்காவுல இருந்து கொண்டு வந்து 1775ல இங்க சேர்த்தது. இரண்டரை நூற்றாண்டா தொட்டியிலயே வாழற செடி.

ஆனா எங்க அம்மா நின்னது அதுக்கு முன்னாடி இல்ல. ஒரு ஓரத்துல இளஞ்சிவப்புப் பூவோட ஒரு சின்னச் செடி, பக்கத்துல பெருசா விளக்கப் பலகை. "நித்தியகல்யாணிடா! நம்ம வீட்டுச் சுவரோரம் தானா முளைக்குமே, இதுக்கா இவ்வளவு மரியாதை?"ன்னு கேட்டாங்க. சில ஊர்ல இதைச் சுடுகாட்டு மல்லின்னு ஒதுக்கி வைப்பாங்க. இதோட சொந்த ஊர் மடகாஸ்கர். இதுல இருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின்னு ரெண்டு மருந்து எடுக்கறாங்க, அதுல வின்கிரிஸ்டின் குழந்தைங்களுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய்க்கு இன்னைக்கும் குடுக்கற மருந்து. அம்மா அந்தப் பலகையை என்னைப் படிச்சுத் தமிழ்ல சொல்லச் சொல்லி ரெண்டு தடவை கேட்டாங்க.

அந்தக் கட்டடத்துலயே ரப்பர் மரமும் இருக்கு. இதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க யாரு வந்தாலும் ஒரு நிமிஷம் நிக்கணும்னு நான் சொல்வேன். 1876 ஜூன்ல ஹென்றி விக்காம்ங்கறவர் பிரேசில்ல இருந்து சுமார் 70,000 ரப்பர் விதையைக் கியூவுக்குக் கொண்டு வந்தார், முளைச்சது சுமார் 2,700தான். அதுல பெரும்பகுதி நாத்தை அதே வருஷம் கண்ணாடிப் பெட்டிகள்ல வச்சு சிலோனுக்கு அனுப்பினாங்க, கம்பஹா பக்கத்துல ஹெனரத்கொட தோட்டத்துல நட்டாங்க, அடுத்த வருஷம் கொஞ்சம் நாத்து சிங்கப்பூர் போச்சு. அதுக்கப்புறம் மலாயாவுல நடந்தது நம்ம எல்லாருக்கும் தெரியும். தஞ்சாவூர்ல இருந்தும் திருச்சியில இருந்தும் சேலத்துல இருந்தும் கப்பல் ஏறிப் போய் பால்மரக் காட்டுல விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து பால் வெட்டினவங்க, அவங்க பேரப்பிள்ளைங்கதான் இன்னைக்கு மலேசியாத் தமிழர்ல பெரும்பகுதி. அந்த மொத்த வாழ்க்கையும் இந்தத் தோட்டத்துல முளைச்ச சில ஆயிரம் நாத்து வழியா வந்தது. நான் இதை யார்மேலயும் கோபமா சொல்லல, ஆனா அந்த மரத்தை வெறும் மரமா என்னால பாக்க முடியாது.

சின்கோனா கதையும் அப்படித்தான், அது எங்க வீட்டுக்கே பக்கத்துக் கதை. வால்பாறையில சின்கோனான்னே ஒரு ஊர் இருக்கு, அம்மாவுக்கு அது பஸ்ல எழுதியிருக்கற பேரு, அவ்வளவுதான். மலேரியாவுக்குக் குடுக்கற கொய்னா மாத்திரை இருக்கே, அது இந்த மரத்தோட பட்டையில இருந்து எடுக்கறது, மரம் தென் அமெரிக்க ஆண்டிஸ் மலையில விளையறது. 1860ல கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில ஆள் அனுப்பி செடியும் விதையும் எடுத்துட்டு வந்தாங்க, கியூ வழியா நீலகிரிக்குப் போச்சு. அங்க அதை வளர்த்தவர் மக்ஐவர், கியூவுல வேலை பாத்த தோட்டக்காரர், 1848ல ஊட்டிக்கு வந்தவர். நீங்க ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் பாத்திருப்பீங்களே, அதை உருவாக்கினவர் அவர்தான். தொட்டபெட்டாவுலயும் நடுவட்டத்துலயும் சின்கோனாத் தோட்டம் போட்டார். பட்டையை உரிச்சா மரம் செத்துடும்ங்கறதால, பட்டையைக் கீத்துக் கீத்தா உரிச்சுட்டு அந்த இடத்துல ஈரப் பாசியை வச்சுக் கட்டுவார், பட்டை திரும்ப வளர்ந்துடும், மரமும் பிழைச்சுக்கும். பாம் ஹவுஸ் பெஞ்சுல உக்காந்து இதை நான் சொன்னப்போ அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "எங்க சித்தப்பா அந்தத் தோட்டத்துல பட்டை உரிக்கப் போனவர்டா, அவர் கையெல்லாம் எப்பவும் கசக்கும்னு சித்தி சொல்லுவாங்க"ன்னாங்க. எனக்கு அது அன்னைக்குத்தான் தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆரஞ்சரியிலயும் மத்த இடத்துலயும் கிடைக்கும், விலை கூடுதல்தான், வீட்டுல இருந்து புளியோதரையோ சப்பாத்தியோ கட்டி எடுத்துட்டுப் போனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பிளாஸ்க்ல டீ கண்டிப்பா.

சாப்பிட்டு முடிச்சு டெம்பரேட் ஹவுஸ், இன்னொரு பெரிய கண்ணாடிக் கட்டடம். இதுவும் பர்ட்டன் வடிவமைச்சதுதான், 1860 வாக்குல ஆரம்பிச்சு காசு தட்டுப்பாட்டால இழுத்து இழுத்து 1899லதான் முழுசா முடிஞ்சுது, சமீபத்துல அஞ்சு வருஷம் மூடி வச்சு பழுது பாத்து 2018ல திறந்தாங்க. இங்க உங்களுக்கு ஒரு செடியை மட்டும் சொல்றேன், பேரு "என்செஃபலார்டோஸ் வுடியை", இதுவும் ஒரு சைக்கட்தான். 1895ல தென்னாப்பிரிக்காவுல ஒரு காட்டுல ஒரே ஒரு கொத்தாகக் கண்டுபிடிச்சாங்க, ஆண் செடி. பெண் செடியைத் தேடாத இடம் இல்ல, இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூட கிடைக்கல. உலகத்துல இருக்கற எல்லா வுடியை செடியும் அந்த ஒரே செடியோட பக்கக் கன்னுதான். கியூவுல இருக்கறது 1899ல வந்தது, அது முதல் தடவையா கூம்பு விட்டதே 2004லதான். பலகையில நாலு வரிதான் போட்டிருக்கும், நின்னு படிங்க.

அங்க இருந்து பகோடாங்கற சீன பாணிக் கோபுரத்துப் பக்கம். 1762, வில்லியம் சேம்பர்ஸ் கட்டினது, பத்து அடுக்கு, கிட்டத்தட்ட 50 மீட்டர். கூரை மூலைகள்ல மொத்தம் 80 டிராகன், பழசெல்லாம் கட்டி இருபது முப்பது வருஷத்துலயே எடுத்துட்டாங்க, 2018ல திரும்ப செஞ்சு வச்சாங்க. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஒவ்வொரு தளத்துலயும் ஓட்டை போட்டு, மேல இருந்து மாதிரி குண்டைப் போட்டு எப்படி விழுதுன்னு சோதிச்சிருக்காங்க. உள்ள ஏற விடறது சீசனைப் பொறுத்தது, குளிர்காலத்துல நம்பிப் போகாதீங்க. வெளிய இருந்து பாக்கவே மொட்டை மரம் இருக்கறப்போதான் நல்லா இருக்கும், நீளமான பாதையோட கடைசியில முழுசா தெரியும்.

வெளிச்சத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும், போட்டோ எடுக்கறவங்களுக்கு இது முக்கியம். நவம்பர் கடைசியில லண்டன்ல உச்சி வேளையிலயே சூரியன் அடிவானத்துல இருந்து 17, 18 டிகிரிக்கு மேல ஏறாது. அதாவது மத்தியானம் பன்னெண்டு மணிக்கே உங்க நிழல் உங்களை விட மூணு மடங்கு நீளம். நாள் முழுக்க சாயங்கால வெளிச்சம் மாதிரியே இருக்கும், மொட்டைக் கிளை ஒவ்வொண்ணுக்கும் புல்லுமேல ஒரு நிழல் விழும். ஏரிக்கரையில ஸ்வாம்ப் சைப்ரஸ் மரங்கள் துருப்பிடிச்ச இரும்புக் கலர்ல கடைசி வரைக்கும் நிக்கும், அந்த வெளிச்சம் அதுமேல படும்போது தண்ணியில தெரியறதைப் பாருங்க. ஏரிக்கு மேல 2006ல கட்டின வளைஞ்ச பாலம் ஒண்ணு இருக்கு, அதுமேல நின்னு பாக்கறதுதான் வசதி. பாக்கியம் இருந்தா கட்சுரா மரத்தோட கடைசி இலைங்க தரையில கிடக்கும், குனிஞ்சு மோந்து பாருங்க, வெல்லப் பாகு காய்ச்சற வாசனை. உங்க அம்மாவுக்குச் சொல்லாம மோந்து பாக்கச் சொல்லுங்க, அவங்களே என்ன வாசனைன்னு கண்டுபிடிப்பாங்க.

இனி நடைமுறை விஷயங்கள். இடம் ரொம்பப் பெருசு, 320 ஏக்கருக்கு மேல, ஒரே நாள்ல எல்லாத்தையும் பாக்கணும்னு பெரியவங்களை இழுத்துக்கிட்டு அலையாதீங்க, நான் மேல சொன்ன வரிசையே ஒரு நாளுக்குத் தாராளம். வீல்சேர் முன்கூட்டியே கேட்டு வச்சா கிடைக்கும், நடக்கறவங்களா இருந்தாலும் எடுத்துக்கோங்க, மதியத்துக்கு மேல உதவும். டிக்கெட்டை ஆன்லைன்ல முன்னாடியே எடுத்தா விலை குறைவு, அதுவும் குளிர்கால விலை கோடையை விடக் குறைவு. டிஸ்ட்ரிக்ட் லைன்ல கியூ கார்டன்ஸ் ஸ்டேஷன்ல இறங்கினா விக்டோரியா கேட் அஞ்சு நிமிஷ நடை. காலையில திறந்ததுமே உள்ள போயிடுங்க, ஏன்னா நாலு மணிக்கெல்லாம் சூரியன் அடைஞ்சுடும், அதோட நவம்பர் நடுவுல இருந்து ராத்திரி கிறிஸ்துமஸ் லைட் ஷோ நடக்கறதால பகல் தோட்டத்தைச் சீக்கிரமே மூடிடுவாங்க. அந்த லைட் ஷோவுக்கு டிக்கெட் தனி, அதைப் பாத்துட்டு கியூவைப் பாத்துட்டோம்னு நினைச்சுடாதீங்க, இருட்டுல மரம் தெரியாது. காத்து பலமா அடிச்சா பாதுகாப்புக்காகத் தோட்டத்தையே மூடிடுவாங்க, அன்னைக்குக் காலையில ஒரு தடவை பாத்துட்டுக் கிளம்புங்க. செருப்பும் கான்வாஸ் ஷூவும் வேண்டவே வேண்டாம், புல்லு முழுக்க ஈரமா இருக்கும், தண்ணி இறங்காத ஷூ, ரெண்டு ஜோடி சாக்ஸ், காதை மூடற குல்லா. மழை வந்துட்டா மரியான் நார்த் கேலரிக்குள்ள போயிடுங்க, 1882ல திறந்தது, ஒரு பெண் தனி ஆளா உலகம் சுத்தி வரைஞ்ச 800க்கு மேல ஓவியங்களைச் சுவர்ல இடமே விடாம மாட்டி வச்சிருக்காங்க, 1877ல அவங்க சிலோனுக்கும் இந்தியாவுக்கும் வந்து வரைஞ்ச படங்களும் அதுல இருக்கு. நம்ம ஊர் மரத்தை அங்க தேடிக் கண்டுபிடிக்கறதுலயே ஒரு மணி நேரம் போயிடும்.

கடைசி அரை மணி நேரத்தை மட்டும் எதுக்கும் ஒதுக்காம ஏரிப் பக்கம் ஒரு பெஞ்சுல உக்காந்திருங்க. நாங்க அன்னைக்கு அப்படித்தான் உக்காந்திருந்தோம், கால் வலின்னு அம்மா ஷூவைக் கழட்டிட்டு என் மஃப்ளரைக் கால்ல சுத்திக்கிட்டாங்க. மூணரை மணி இருக்கும், திடீர்னு தலைக்கு மேல கீச்சு கீச்சுனு ஒரே சத்தம், மொட்டை மரத்து உச்சியில பச்சை பச்சையா வந்து உக்காருது, ஒண்ணு ரெண்டு இல்ல, அம்பது அறுபது. கழுத்துல சிவப்பு வளையம் போட்ட நம்ம பச்சைக்கிளியேதான். மேற்கு லண்டன் முழுக்க இப்போ இதுங்க கூட்டம் கூட்டமா இருக்கு, கூண்டுல இருந்து தப்பினதுங்க பெருகினது, இந்தக் குளிர்லயும் நல்லாவே வாழுதுங்க. கோடையில இலைக்குள்ள சத்தம் மட்டும்தான் கேக்கும், நவம்பர்ல ஒவ்வொண்ணையும் எண்ணலாம்.

அம்மா எண்ண ஆரம்பிச்சாங்க. நாப்பத்தி மூணு வரைக்கும் எண்ணினப்போ மொத்தமும் ஒண்ணா எழும்பி ஆத்துப் பக்கமா பறந்து போச்சு, அதுக்குள்ள காவலர் வண்டியும் மூடற நேரம்னு சொல்லிக்கிட்டே வந்துடுச்சு.